பாட்டுப் போட்டி ஓடிய மாலை

சவப்பெட்டியின் மேல் அந்தச் சட்டையை எந்தப் பக்கமாக விரிப்பது என்று மூன்று பேர் குனிந்து நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ராசமலர் கை கழுவிவிட்டு மண்டபத்துக்குள் திரும்பி வந்தாள். சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குக் கோடுகள் போட்ட விளையாட்டுச் சட்டை அது. மார்புப் பக்கம் மேலே வந்தால் கழகத்தின் சின்னம் தெரியும். முதுகுப் பக்கம் வந்தால் இலக்கம் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் காட்ட வழியில்லை. சிவப்புத் தாடி வைத்த நோர்வேக்காரர் ஒருவர் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இலக்கம்தான் வேணும். பில்லை எல்லாரும் இலக்கத்தாலைதான் அறிவினம்," என்றாள் வெளிநாட்டிலிருந்து வந்து கழகத்தில் சேர்ந்த எமிலி. பதின்மூன்று மேலே வந்தது.

பில் என்பது பிலேந்திரன், ராசமலரின் கணவர். ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டியவர். அதற்கு முன், இங்கிலாந்தின் வடக்கில் ஓர் ஆலை நகரத்தில் அகதியாக இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை ரக்பி லீக் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அன்று பிடித்த பைத்தியம் கடல் தாண்டி இங்கேயும் கூடவே வந்தது. இந்த நாட்டில் அந்த விளையாட்டைத் தெரிந்தவர்களை ஒரே ட்ராமில் ஏற்றிவிடலாம், அதிலும் இருக்கை மிஞ்சும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த ட்ராமில் ஏறக்கூடியவர்களில் பாதிப் பேர் இன்று கறுப்புக் கோட்டுக்கு உள்ளே கோடு போட்ட சட்டையோடு வந்திருந்தார்கள்.

பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை எடுக்கச் சொல்லலாமா என்று ராசமலர் நினைத்தாள். பிறகு அதன் ஓரத்தை இழுத்து நேராக்கிவிட்டு வெளியே வந்தாள்.

நோர்வேயில் ஒரு சாவீடு நடக்கிற விதம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இலேசில் பிடிபடாது. உயிர் போன அன்று ஒன்றும் நடக்காது. உடல் குளிரறைக்குப் போகும். ஒரு நாளும் ஒரு நேரமும் எழுதித் தருவார்கள்; அந்த நேரம் முடிந்தால் அடுத்த குடும்பத்தின் பூக்கள் வாசலில் காத்து நிற்கும். அதற்குள் ஐயர் கிரியை செய்ய வேண்டும், சுண்ணம் இடிக்க வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும். பிறகு பெட்டியை மூடிவிட்டு, பேசுகிறவர்கள் பேசலாம். நெருப்பை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் பெட்டி நிற்கும் தளமே மெதுவாகக் கீழே இறங்கும். மேலே இரண்டு கதவுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பிலேந்திரனுக்குக் கிரியை முடிந்துவிட்டது. தம்பி யோகராசாதான் செய்தார். இனிப் பேச்சு. அதற்கு ஆட்கள் வரும்வரை எல்லாரும் வெளிக்கூடத்தில் நின்றார்கள்.

கோட்டு மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் விளையாட்டுக்காரர்கள் நோர்வேஜிய மொழியில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற ராசமலருக்கு எல்லாம் கேட்டது.

"டிவியிலை வந்த கடைசிப் பகுதி கொஞ்சம் ஓவர்," என்றார் சிவப்புத் தாடி. "வயலினை நிப்பாட்டிப்போட்டு விளையாட்டைக் காட்டியிருக்கலாம்."

"நீ அழுததை நான் கண்டனான்."

"அது ஒவ்வாமை, எமிலி. பேர்ச் மரத்துப் பூந்தூள்."

"சன்னலைப் பூட்டிக்கொண்டு சோபாவிலை இருக்கேக்கை வந்த பூந்தூளோ?" என்று கேட்டது இரவீந்திரன். அவரும் ட்ராம் ஓட்டுகிறவர். கழகத்தில் இருந்த மற்றத் தமிழர் அவர் ஒருவர்தான்.

அடக்கிய சிரிப்பு கோட்டுகளுக்குள் புதைந்தது.

"எங்களைக் காட்டினது கண் மூடித் திறக்கிற நேரம்," என்று தாடிக்காரர் விடவில்லை. "ஏரியை முழுக்கச் சுத்தி வந்தனாங்கள்! அவுஸ்திரேலியாவிலை ஆரோ ரெண்டு பேர் கேக் வித்ததை எவ்வளவு நேரம் காட்டினவங்கள்?"

"கேக் வடிவா இருந்தது. எங்கடை படத்திலை பாதி உன்ரை வயிறு," என்றார் இரவீந்திரன்.

"கதிரையைத் தள்ளினவன் நான், வயிறு தெரியாமல் என்ன தெரியும்? ஆனா பில் முழுசாத் தெரியிறார். சிரிக்கிறார்."

"ஓம். நல்லாச் சிரிக்கிறார்," என்றாள் எமிலி.

ராசமலர் தூணில் கை வைத்தாள்.

அது எந்த நிகழ்ச்சி என்று அவளுக்குத் தெரியும். இங்கிலாந்தில் பெரிய ஆட்டக்காரராக இருந்து இயக்க நரம்பு நோயில் படுத்துவிட்ட ஒரு மனிதரைப் பற்றிய தொடர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வந்தது. பிலேந்திரன் ஒரு பகுதியும் விடாமல் பார்த்தார். அவருக்கும் அதே நோய். அந்த ஆட்டக்காரரின் பெயரில் நோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்த்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ரசிகர்கள் அஞ்சலிப் படம் அனுப்பலாம், கடைசிப் பகுதியில் அவை வரும் என்று அறிவித்திருந்தார்களாம். அதற்காக இவர்கள் பிலேந்திரனைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஆள் மாறி ஆள் தள்ளி, சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை உலாத்தக் கூட்டிப்போனார்கள் என்றுதான் ராசமலர் நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிகிறது.

எமிலி அவளைக் கண்டுவிட்டாள். வந்து இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு டிவியிலை தன்னைக் கண்ட உடனை பில் என்ன சொன்னார்? எங்களை உங்களிட்டை ஒண்டும் சொல்லக் கூடாது, தானே சொல்லுவன் எண்டு நிண்டவர். அவ்வளவு ஆசையா இருந்தவர்."

எல்லா முகங்களும் ராசமலரைப் பார்த்தன. எமிலியின் கைகள் சூடாக இருந்தன.

"சந்தோசப்பட்டார்," என்றாள் ராசமலர்.

எமிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? சந்தோசப்பட்டாராம்." தாடிக்காரர் முகத்தைக் கோட்டுகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நோயின் பெயரை டாக்டர் சொன்ன நாளிலேயே ராசமலர் கேட்ட முதல் கேள்வி, இது பிள்ளைகளுக்கும் வருமா என்பதுதான். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றார் அவர். 'பெரும்பாலும்' என்ற அந்த ஒரு சொல்லில் அவள் தடுக்கி விழுந்தாள். மகள் சோபிகாவுக்கும் லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் நிலனுக்கும் அப்போதுதான் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. டாக்டரின் 'பெரும்பாலும்' ஊர் வாய்க்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பாரிசவாதம் என்று சொன்னாள். பிரஷர் கூடி ஸ்ட்ரோக் வந்தது என்று சொன்னாள். கையும் காலும் விழுந்ததற்கு அது பொருந்தியது. பேச்சுப் போனதற்கும் பொருந்தியது. இரவீந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் திறக்கவில்லை.

ஆனால் பாரிசவாதம் என்று சொன்னபோது, சனங்கள் அதோடு சேர்த்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். மனிதருக்கு விளங்காது என்று முடிவுகட்டினார்கள். வந்து பார்க்கிறவர்கள் அவருக்கு முன்னாலேயே, அவரைப் பற்றியே, அவர் அங்கே இல்லாததுபோலக் கதைத்தார்கள். "பாவம், என்ன மாதிரி இருந்த மனிசன்." உண்மையில் அந்த நோய் தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகும், அவருடைய அறிவில் அது கை வைக்கவே இல்லை, கண்களை ஆட்டும் தசைகளையும் கடைசிவரை விட்டுவைத்தது. கண்கள் அசையும்வரை அவர் பேசலாம்.

அதற்குத்தான் அந்த எழுத்துப் பலகை. கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் தகடு. நடுவில் முகம் தெரிகிற அளவுக்கு வெட்டிய ஓட்டை. அதைச் சுற்றி ஓரங்களில் எழுத்துகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம். பேசுகிறவர் முதலில் கூட்டத்தைப் பார்ப்பார். பிறகு ஓரத்தில் அந்த எழுத்தின் நிறம் பூசிய கட்டத்தைப் பார்ப்பார். எதிரே தகட்டைப் பிடித்திருப்பவர் அந்தப் பார்வை போகிற திசையைத் தகட்டின் ஊடாகவே கண்டுகொள்வார். இரண்டு பார்வைக்கு ஓர் எழுத்து. பிலேந்திரன் நோர்வேஜிய எழுத்துகளில் தமிழைக் கூட்டுவார். 'தேத்தண்ணி' என்று முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆனாலும் பழகப் பழக வேகம் வந்தது, பகிடிகூட விட்டார். நடு ஓட்டையூடாக நேரே முகத்தைப் பார்த்தால், சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு ஆட்கள் வரும்போது ராசமலர் அந்தப் பலகையை அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். விளங்காத மனிதர் எழுத்துக் கூட்டிப் பேசினால் பொய் நிற்காது.

கடைசிப் பகுதி வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பலகையைக் கேட்டார். 'இண்டைக்கு டிவி எல்லாரும்' என்று வந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்து தொடங்கியது. அடுப்பில் எண்ணெய் புகைந்தது. பின்னேரம் நிலனின் தாயும் தகப்பனும் வருகிறார்கள். பற்றிஸ் பொரிக்க வேண்டும். "விளையாட்டுத்தானே? விளங்குது, விளங்குது," என்று பலகையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினாள்.

சோபிகா ஆஸ்பத்திரி வேலைக்குப் போகுமுன் டிவியின் இணையச் சேவையில் அப்பாவின் தொடரைப் போட்டுவிட்டுப் போனாள். நிலனின் பெற்றோர், வரதராசாவும் அஜந்தாவும், வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்வரை யாரும் திரையைக் கவனிக்கவில்லை. பிறகு ராசமலர் கவனித்தாள். திரையில் ஒரு மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரே ஒரு பெண் அதே மாதிரியான பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே நோர்வேஜிய எழுத்தில் நோயின் பெயர் ஓடியது. அஜந்தாவின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

ராசமலர் ரிமோட்டை எடுத்து மாற்றினாள். தமிழ்ச் சனலில் பாட்டுப் போட்டி வந்தது.

"ஓம், இதை விடுங்கோ," என்றாள் அஜந்தா. "பாட்டெண்டா அவருக்கும் ஒரு ஆறுதலா இருக்கும். விளங்காட்டியும் காதிலை விழுந்தாச் சரிதானே."

பிலேந்திரன் ராசமலரைப் பார்த்தார். பிறகு அலுமாரி இருந்த அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவள் பற்றிஸ் தட்டை எடுத்து வரதராசாவுக்கு நீட்டினாள். ஒரு சிறுமி உச்சத்தில் பாடி முடித்தாள். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மறுநாள் காலை பலகையைப் பிடித்தாள். அவர் எந்தக் கூட்டத்தையும் பார்க்கவில்லை. நடு ஓட்டையூடாக நேரே அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரி, முடிந்தது.

மண்டபத்தில் ஆட்கள் நிறைந்தார்கள். அஜந்தாவும் வரதராசாவும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். யோகராசா தேவாரம் முடித்து இறங்க, எமிலி ஏறினாள். நோயைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று இரவீந்திரன் சொல்லி வைத்திருந்தார். அவளும் சொல்லைக் காப்பாற்றினாள். ட்ராமில் நின்றபடி பிலேந்திரன் தனக்கு நோர்வேஜிய வினைச்சொற்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். பனி கொட்டுகிற மைதானத்தில் குடை பிடித்துக்கொண்டு நடுவரைத் தமிழில் ஏசியதைச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"எங்கடை அஞ்சலிப் படம் டிவியிலை வந்த அண்டு, பில் தன்ரை வீட்டிலை, தன்ரை ஆக்களோடை இருந்து தன்னைப் பாத்தார். சந்தோசப்பட்டார் எண்டு ராசமலர் எனக்குச் சொன்னா. எங்களுக்கு அது காணும்."

முன்வரிசையில் சோபிகா திரும்பித் தாயைப் பார்த்தாள். ராசமலர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கோடு போட்ட சட்டைக்காரர்கள் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அவர்களுடைய விளையாட்டில் இறந்தவருக்கு அதுதான் மரியாதை. அமைதியாக நின்றால் ஒருவர் இல்லாமல் போனதைக் காட்டும். கை தட்டினால் அவர் ஆடியதைக் காட்டும் என்பது அவர்களுடைய கணக்கு. தமிழர்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின.

"செத்த வீட்டிலை கை தட்டுறதோ?" என்று யோகராசா பல்லைக் கடித்தார். "அண்ணி, உவையளை ஆர் கூப்பிட்டது?"

ராசமலர் பெட்டிப் பக்கம் திரும்பினாள். கை தட்டல் பாட்டுப் போட்டி நடுவர்களின் கை தட்டல் மாதிரியே இருந்தது. சட்டையோடு பெட்டி இறங்கியது. பதின்மூன்றின் மேல் கதவுகள் மூடிக்கொண்டன.

ஸ்தொவ்னரில் இருந்த ராசமலரின் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு நடந்தது. படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. விளையாட்டுக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. இரவீந்திரன் மட்டும் வந்து வாசலுக்குப் பக்கத்தில் இருந்தார். அஜந்தா தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மச்சாள், அந்த வெள்ளைக்காரப் பிள்ளை சொன்னா இவர் டிவியிலை வந்தவர் எண்டு. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எந்த டிவியிலை?"

"நாங்கள் வந்த ஞாயிறோ?" என்றார் வரதராசா. "அண்டைக்கு நாங்கள் பாட்டுப் போட்டியெல்லோ பாத்தனாங்கள்."

"இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்," என்று ராசமலர் எழுந்தாள். அஜந்தாவின் கோப்பை நிறைந்துதான் இருந்தது.

குசினியில் சோபிகா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

"அப்பா பாத்தவரோ, அம்மா?"

"இல்லை."

"எமிலிக்குச் சொன்னீங்கள்."

"ஓம். சொன்னனான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவையள் இருக்கேக்கை அது போச்சுது," என்றாள் ராசமலர். "நான் மாத்திப்போட்டன். அவர் என்னைப் பாத்துக்கொண்டே இருந்தவர். பலகை அலுமாரிக்குள்ளை. உனக்காகத்தான் எண்டு நினைச்சன். எனக்காகவோ தெரியேல்லை."

சோபிகா குழாயை மூடினாள். கைகளைத் துடைத்தாள், விரல் விரலாக. முன்னறைக்குப் போனாள், அங்கே நிலனின் தாய் ஏதோ கேட்பதும் அவள் ஏதோ சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ரிமோட் இருந்தது. அதைத் தாயின் கையில் வைத்தாள். பிறகு அலுமாரி அறைப் பக்கம் போய்விட்டாள்.

ராசமலர் டிவிக்கு முன் வந்து நின்றாள். அன்று மாற்றியவுடன் அந்த நிகழ்ச்சி போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது அப்படி இல்லை. பார்த்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டால், அந்த இணையச் சேவை விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். தொடர்ந்து பார்க்க என்று ஒரு சின்னப் படத்தை முன்னாலேயே வைத்திருக்கும். அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு, எவ்வளவு பார்த்தாயிற்று, எவ்வளவு கிடக்கிறது என்று காட்டும். கோடு முக்காலுக்கு வந்து நின்றிருந்தது. இத்தனை நாளும் அது அப்படியே நின்றிருக்கிறது.

அழுத்தினாள்.

நாற்காலியில் இருந்த மனிதர் வந்தார். பலகை வந்தது. கீழே நோயின் பெயர் வந்தது. வயலின் கேட்டது. கேக் விற்றவர்கள் வந்தார்கள். பிறகு ஓர் ஏரி, மொட்டு விட்ட பேர்ச் மரங்கள், கோடு போட்ட சட்டைகள், திரையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வயிறு. அதற்கு முன்னால் கம்பளித் தொப்பியோடு பிலேந்திரன். சிரித்தார். அடியில் அவருடைய பெயர், ஒஸ்லோ, அதோடு அவரும் அந்த நோயோடு வாழ்கிறவர் என்று ஒரு வரி.

இரவீந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அஜந்தாவின் உதடுகள் அந்த வரியைத் தனக்குள் வாசித்தன. அவள் ராசமலரைப் பார்த்தாள்.

"ஸ்ட்ரோக் எண்டு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"ஸ்ட்ரோக் இல்லை," என்றாள் ராசமலர். "அவருக்கு எல்லாம் விளங்கினது. அண்டைக்கு நாங்கள் கதைச்சதும்."

பிலேந்திரன் போய்விட்டார், திரையில் இப்போது பழைய ஆட்டம் ஒன்று ஓடியது. சேற்று மைதானம். வரதராசா தொண்டையைச் செருமினார். திரையைக் காட்டி, "உது என்ன விளையாட்டு?" என்று கேட்டார்.

"ரக்பி லீக்." கல்யாணம் முடித்த புதிதில் பிலேந்திரன் இதே வீட்டில் அவளை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அப்போது காது கொடுக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "ஒரு பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பந்தை முன்னாலை எறியேலாது. பின்னாலை வாறவைக்குத்தான் குடுக்கலாம். குடுத்துக் குடுத்து முன்னுக்குப் போகோணும். மற்றவை வந்து பிடிச்சு விழுத்துவினம்."

"விழுத்தினாத் தோல்வியோ?"

"இல்லை. விழுந்தவர் எழும்பி, பந்தை நிலத்திலை வைச்சு, காலாலை பின்னுக்கு உருட்டி விடோணும். பிறகு ஆட்டம் நடக்கும். அப்பிடி ஆறு தரம்." அவள் ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "ஆனா அவரை எழும்ப விடோணும். விழுத்திப்போட்டு மேலை கிடந்து பிடிச்சுக்கொண்டிருக்கேலாது. அது பிழை."

திரையில் ஒருவன் சேற்றில் கிடந்தான். அவன்மேல் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்து எழுந்துகொண்டிருந்தார்கள்.